‘கொராபரேட்’ என்ற சொல்லுக்கு ‘உறுதிப்படுத்து’ என்ற பொருள் போதுமா?

ஒரு கொலை வழக்கின் ஆங்கிலத் தீர்ப்பைப் படித்தபோது ‘கொராபரேட்’ என்ற சொல் திரும்பத் திரும்ப வந்தது என்றும், அகராதி அதற்கு ‘உறுதிப்படுத்து’ என்று மட்டுமே சொல்கிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள். ‘கன்ஃபர்ம்’, ‘வெரிஃபை’ ஆகியவற்றுக்கும் அதே பொருளைத்தான் போட்டிருக்கிறார்கள், பிறகு மூன்று சொற்கள் எதற்கு என்பது உங்கள் முதல் கேள்வி. முதல் சாட்சியின் சாட்சியம் ‘அன்கொராபரேட்டட்’, அதாவது கொராபரேட் செய்யப்படாதது, என்று நீதிபதி எழுதியிருக்கிறாரே, அந்தப் பெண் பொய் சொன்னார் என்று பொருளா என்பது இரண்டாவது கேள்வி. நீதிமன்ற ஆவணங்களை இரு மொழிகளுக்கிடையே மாற்றும் வேலையில் பல ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில் இரண்டுக்கும் சற்று விரிவாகவே பதில் சொல்கிறேன்.

ஒருவர் முன்பே சொல்லிவிட்ட செய்திக்கு, அவரைச் சார்ந்திராத வேறோர் இடத்திலிருந்து வந்த சான்று வலுச்சேர்ப்பதுதான் ‘கொராபரேட்’. முன்பே நிற்கும் ஒரு கூற்று வேண்டும். தனியே வந்த இன்னொரு சான்று வேண்டும். அந்தச் சான்று அந்தக் கூற்றின் முக்கியமான இடத்தைத் தொட வேண்டும். இந்த மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும் அந்த இடத்தில் வேறு சொல்லைத்தான் தேட வேண்டியிருக்கும். ‘உறுதிப்படுத்து’ என்னும் தமிழ்ச் சொல் இந்த மூன்றையும் காட்டுவதில்லை. முடிவை மட்டும் காட்டுகிறது. அதுவும் சற்று மிகைப்படுத்திக் காட்டுகிறது, ஏனென்றால் கொராபரேட் செய்யப்பட்ட கூற்று வலுப்பெறுகிறதே தவிர, ஐயத்துக்கு இடமில்லாமல் உறுதியாகிவிடுவதில்லை.

சொல்லின் பிறப்பைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். இலத்தீனில் ‘ரோபுர்’ என்றால் ஓக் மரம், அதன் கெட்டியான கட்டை, அதிலிருந்து வலிமை. ஐரோப்பாவின் ஓக் வகை ஒன்றுக்குத் தாவரவியல் பெயரே ‘குவெர்கஸ் ரோபுர்’ என்பதுதான். நாம் அன்றாடம் கேட்கும் ‘ரோபஸ்ட்’ என்ற சொல்லும் இந்த வேரில் கிளைத்ததே. அதனோடு ‘சேர்த்து, முழுமையாக’ என்ற பொருள் தரும் முன்னொட்டு சேர்ந்து, ‘வலிமையூட்டு’ என்ற வினை உருவாகி, 16-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குள் வந்தது. வந்த காலத்தில் அது சான்றோடு மட்டும் ஒட்டியிருக்கவில்லை. உடம்புக்குத் தெம்பூட்டும் மருந்துகளையும் ‘கொராபரண்ட்’ என்றே அழைத்தார்கள். நம் ஊரில் தச்சர்கள் ‘வைரம் பாய்ந்த கட்டை’ என்பார்களே, இலத்தீன்காரர்கள் ‘ரோபுர்’ என்றபோது கிட்டத்தட்ட அதைத்தான் நினைத்திருப்பார்கள். வெளுத்துக் கிடக்கும் மரத்துக்கு வைரம் ஏற்றுவது என்று வைத்துக்கொண்டால் சொல்லின் உயிர் பிடிபடும். ஆனால் மரம் ஒன்று முதலில் இருந்தாக வேண்டும். உளுத்துப்போன கட்டையில் வைரம் ஏறாது; சட்டமும் ஏறக்குறைய அப்படித்தான் சொல்கிறது, பின்னால் வருகிறேன்.

ஓர் எடுத்துக்காட்டைக் கற்பனை செய்துகொள்வோம். தெருவில் ஒரு வீட்டில் யாரும் இல்லாத நேரம், விளக்கு வைக்கும் பொழுது. எதிர்வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் பாட்டி, பச்சைக் கைலி கட்டிய ஓர் ஆள், இடது காலைச் சாய்த்துச் சாய்த்து நடந்து, பித்தளை அண்டா ஒன்றைச் சாக்கில் சுற்றித் தூக்கிக்கொண்டு போனதைப் பார்த்ததாகச் சொல்கிறார். பாட்டிக்குக் கண் அவ்வளவு தெளிவில்லை. எனவே இந்தக் கூற்றுக்கு வலு தேவைப்படுகிறது.

முதலில் பேரன் வருகிறான். “ஆமாம் சார், கால் சாய்த்து நடக்கிற ஆள்தான் எடுத்தான், பாட்டி அன்றைக்கே சொல்லிச்சு” என்கிறான். அவன் பார்க்கவில்லை, அவனுக்குத் தெரிந்தது எல்லாம் பாட்டியின் வாய்வழி வந்தது. ஊற்று ஒன்றுதான், குடம் மட்டும் இரண்டு. அடுத்து வீட்டுக்காரர் வருகிறார். பூட்டு உடைந்து கிடந்தது, அண்டாவைக் காணவில்லை என்கிறார். இது பாட்டியைச் சாராத சான்றுதான். திருட்டு நடந்தது என்பதை இது வலுப்படுத்துகிறது. ஆனால் எடுத்தவன் யார் என்ற இடத்தை இது தொடவே இல்லை. மூன்றாவதாகப் பால்காரர். அதே நேரத்தில் தெருக்கோடியில் சாக்குமூட்டையோடு காலைச் சாய்த்து நடந்த ஆள் தம் சைக்கிளில் மோதப் பார்த்தான், முகத்தை நன்றாகப் பார்த்தேன் என்கிறார். கடைசியாகப் பழைய பாத்திரம் எடுக்கும் கடை. மறுநாள் காலையில் எடை போட்டு வாங்கிய அண்டாவின் கழுத்தில் அந்த வீட்டுக்காரரின் பெயர் வெட்டியிருக்கிறது. கடைக்காரரின் நோட்டில் விற்றவன் பெயரும் இருக்கிறது.

பால்காரரும் பாத்திரக்கடை நோட்டும் செய்வதுதான் கொராபரேஷன். பாட்டியைத் தெரியாத, பாட்டியோடு பேசாத இரண்டு இடங்களிலிருந்து வந்து, பாட்டி சொன்னதன் நடு இடத்தில் விழுகின்றன. பேரன் சொன்னது எதிரொலி. வீட்டுக்காரர் சொன்னது உண்மையான வலுதான் என்றாலும், ஐயம் இருக்கும் இடத்தில் விழவில்லை.

இந்த வேறுபாட்டைச் சட்டத்தில் அழுத்தமாகப் பதித்த தீர்ப்பு 1916-இல் இங்கிலாந்தில் வந்தது. பாஸ்கர்வில் வழக்கு என்று அதைச் சொல்வார்கள். தலைமை நீதிபதி ரெடிங் பிரபு அங்கே வகுத்த அளவுகோலின் சாரம் இது: வலுச்சேர்க்கும் சான்று தனித்த இடத்திலிருந்து வர வேண்டும், குற்றம் நடந்தது என்பதை மட்டும் காட்டினால் போதாது, குற்றம் சாட்டப்பட்டவரை அந்தக் குற்றத்தோடு அது இணைக்கவோ இணைக்க முனையவோ வேண்டும். இந்திய நீதிமன்றங்களும் இந்த அளவுகோலைத் தொடர்ந்து எடுத்தாண்டு வந்திருக்கின்றன. நம் எடுத்துக்காட்டில் உடைந்த பூட்டு ஏன் போதாது என்பதற்குக் காரணம் இதுவே.

இந்தியச் சட்டத்தில் இந்தச் சொல்லின் இருப்பிடம் சுவையானது. 1872-ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டத்தில் இரண்டு இடங்கள் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு நின்றன. குற்றத்தில் கூட்டாக இருந்துவிட்டுப் பிறகு சாட்சி சொல்ல வருபவரை, அதாவது உடந்தையாளரை, எப்படி நம்புவது என்பதுதான் சிக்கல். 133-ஆம் பிரிவு, உடந்தையாளரின் கொராபரேட் செய்யப்படாத சாட்சியத்தின் பேரில் தண்டனை வழங்கப்பட்டது என்ற ஒரே காரணத்தால் அது சட்டவிரோதமாகிவிடாது என்றது. 114-ஆம் பிரிவின் இரண்டாவது விளக்கமோ, முக்கிய விவரங்களில் கொராபரேட் செய்யப்பட்டால் அன்றி உடந்தையாளர் நம்பத்தகாதவர் என்று நீதிமன்றம் ஊகிக்கலாம் என்றது. ஒன்று கதவைத் திறந்து வைத்தது, மற்றொன்று வாசலில் எச்சரிக்கைப் பலகை மாட்டியது. தண்டிக்கத் தடையில்லை, ஆனால் விவேகமுள்ள நீதிபதி வலுவைத் தேடுவார் என்று நீதிமன்றங்கள் இரண்டையும் சேர்த்துப் படித்தன.

2024 ஜூலை 1 முதல் அந்தச் சட்டத்தின் இடத்தில் பாரதிய சாக்ஷ்ய அதினியம் நடைமுறைக்கு வந்தது. பழைய 133-ஆம் பிரிவு இப்போது 138. அதன் வாசகத்தைப் பார்த்தபோது என் கண் ஒரு முன்னொட்டில் போய் நின்றது. ‘அன்கொராபரேட்டட்’ என்று இருந்த இடத்தில் இப்போது ‘கொராபரேட்டட்’ என்று இருக்கிறது. உடந்தையாளரின் கொராபரேட் செய்யப்பட்ட சாட்சியத்தின் பேரில் தண்டித்தால் அது சட்டவிரோதமாகாது என்று வாக்கியம் திருப்பப்பட்டிருக்கிறது. ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேலாக இருந்த ஒரு சிறு ‘அன்’ உதிர்ந்ததில் திறந்திருந்த கதவு பாதி மூடிக்கொண்டது. எச்சரிக்கைப் பலகையும் 119-ஆம் பிரிவில் அப்படியே தொடர்கிறது. இந்த இடத்தில் இரண்டு சொற்களுக்கும் ‘உறுதிப்படுத்தப்பட்ட’, ‘உறுதிப்படுத்தப்படாத’ என்று பொத்தாம்பொதுவாக மொழிபெயர்த்துவிட்டுப் போனால், என்ன மாறியது, ஏன் மாறியது என்பது தமிழில் படிப்பவருக்குத் தெரியாமலே போகும்.

எல்லாச் சாட்சிக்கும் இப்படித் துணை தேட வேண்டும் என்பதில்லை. ஓர் உண்மையை மெய்ப்பிக்க இத்தனை சாட்சிகள் வேண்டும் என்ற கணக்கு எதுவும் கிடையாது என்று பழைய சட்டத்தின் 134-ஆம் பிரிவு சொன்னது. இன்றைய 139-உம் அதையே சொல்கிறது. இதற்கு விளக்கமாக இந்திய நீதிமன்றங்கள் இன்றும் எடுத்துக்காட்டும் தீர்ப்பு, அன்றைய சென்னை மாநிலத்திலிருந்து உச்ச நீதிமன்றத்துக்குப் போன வடிவேலு தேவர் வழக்கு, ஆண்டு 1957. ஒரே கண்கண்ட சாட்சியை நம்பிக் கொலைக்குற்றத்துக்குத் தண்டிக்கலாமா என்பது அங்கே கேள்வி. சாட்சியங்களை நீதிமன்றம் மூன்றாகப் பிரித்தது. முழுவதும் நம்பத்தக்கது ஒன்று; அதற்குத் துணை தேவையில்லை, ஒருவர் சொன்னாலே போதும். முழுவதும் நம்பத்தகாதது இன்னொன்று. அதை ஒதுக்க வேண்டியதுதான். முழுக்க நம்பவும் முடியாமல், முழுக்கத் தள்ளவும் முடியாமல் நடுவில் நிற்பது மூன்றாவது. இந்த மூன்றாவது வகையில்தான் நீதிமன்றம் எச்சரிக்கையோடு இருந்து, முக்கிய விவரங்களில் கொராபரேஷனைத் தேட வேண்டும்.

என் பார்வையில் இந்தச் சொல்லுக்கு இதைவிடச் சிறந்த விளக்கம் எந்த அகராதியிலும் இல்லை. வைரம் பாய்ந்த மரத்துக்கு மேலும் வைரம் தேவையில்லை. உளுத்த மரத்துக்கு ஏற்ற முடியாது. இரண்டுக்கும் நடுவிலிருக்கும் மரத்துக்குத்தான் அது பயன்படும். நம் பாட்டி அந்த நடுவகைச் சாட்சி. கண் மங்கல், ஆனால் பொய் சொல்லக் காரணமில்லை. பாத்திரக்கடை நோட்டு அவரைத் தூக்கி நிறுத்துகிறது. அந்த நேரத்தில் பாட்டி ஊரிலேயே இல்லை என்று தெரியவந்தால், நோட்டு தன் கால்களில் தானே நிற்கும் சான்றாக இருக்குமே தவிர, பாட்டியை எதுவும் செய்ய முடியாது.

எல்லா நாடுகளும் இதை நீதிபதியின் விவேகத்துக்கு விட்டுவிடவில்லை. ஸ்காட்லாந்தில் குற்றவியல் வழக்குகளுக்குக் கொராபரேஷன் கட்டாயம். குற்றம் நடந்தது, குற்றம் சாட்டப்பட்டவர்தான் செய்தார் என்ற இரண்டுக்கும் தனித்தனியே இரண்டு ஊற்றுகளிலிருந்து சான்று வேண்டும். சாட்சியே இல்லாத தனி இடங்களில் நடக்கும் குற்றங்களுக்கு இந்த விதி பெருந்தடையாக நின்றது. 1930-இல் மூரோவ் வழக்கில் அதற்கு ஒரு வழி கிடைத்தது. கிளாஸ்கோவில் துணிக்கடை நடத்தியவர்மீது அங்கே வேலை செய்த பெண்கள் பலர் தனித்தனியே புகார் சொன்னார்கள்; ஒவ்வொரு சம்பவத்துக்கும் சாட்சி அந்தந்தப் பெண் மட்டுமே. சம்பவங்கள் காலத்தாலும் தன்மையாலும் ஒன்றோடொன்று நெருங்கியிருந்தால், ஒருத்தியின் சாட்சியம் மற்றொருத்தியின் சாட்சியத்துக்கு வலுச்சேர்க்கும் என்று நீதிமன்றம் ஏற்றது. கொராபரேஷன் விதியையே எடுத்துவிடலாம் என்று 2011-இல் கார்லோவே பிரபுவின் பரிசீலனை அறிக்கை பரிந்துரைத்தது. அரசு சட்டம் கொண்டுவர முயன்று, எதிர்ப்பு வலுக்கவே 2015-இல் அதைக் கைவிட்டது.

இனி அக்கம்பக்கச் சொற்கள். ‘கன்ஃபர்ம்’ என்பது முடிவைச் சொல்லும் சொல். ஐயம் இருந்தது, இப்போது இல்லை. ரயில் பயணச்சீட்டு கன்ஃபர்ம் ஆகிறது. அதைக் கொராபரேட் ஆனது என்று யாரும் சொல்வதில்லை. மேலும், சொன்னவரே தாம் சொன்னதைக் கன்ஃபர்ம் செய்யலாம். நேற்று வருகிறேன் என்றவர் இன்று தொலைபேசியில் மீண்டும் வருகிறேன் என்கிறார், அவ்வளவுதான். ‘வெரிஃபை’ என்பது சரிபார்க்கும் செயல். அதைச் செய்ய ஓர் ஆள் வேண்டும், சரிபார்த்த பின் தவறு என்றும் முடிவு வரலாம். கொராபரேட் செய்வதற்கு ஆள் வேண்டியதில்லை. நோட்டுப் புத்தகம் செய்யும், காயத்தின் ஆழம் செய்யும், செல்போன் கோபுரப் பதிவு செய்யும். ‘சப்ஸ்டான்ஷியேட்’ என்பது ஒரு குற்றச்சாட்டுக்கோ உரிமைகோரலுக்கோ ஆதாரங்களை வைத்து நிரூபிப்பது. அதை வழக்கமாகச் சொன்னவரே செய்ய வேண்டும். “ஊழல் என்கிறாயே, ஆதாரம் காட்டு” என்றால் அது சப்ஸ்டான்ஷியேட் செய்யச் சொல்வது. அவர் காட்டிய பிறகு, அவரைத் தெரியாத வேறொருவர் வந்து அதே செய்தியைச் சொன்னால் அது கொராபரேட்.

எல்லாவற்றையும்விட அதிகம் குழப்புவது ‘கன்சிஸ்டென்ட்’. காயத்தைப் பார்த்த மருத்துவர், இது அரிவாள் வெட்டோடு கன்சிஸ்டென்ட் என்று சொன்னால், அரிவாளாலும் இப்படிக் காயம் ஏற்படலாம், முரண் இல்லை என்று மட்டுமே பொருள். உடைந்த கண்ணாடியாலும் ஏற்பட்டிருக்கலாம். முரண்படாமல் இருப்பது ஒன்று, வலுச்சேர்ப்பது வேறொன்று. நான் அன்று மதுரையில் இருந்தேன் என்று ஒருவர் சொல்கிறார்; அன்று மதுரையில் மழை பெய்தது என்று வானிலைப் பதிவு சொல்கிறது. இரண்டும் ஒத்துப்போகின்றன, ஆனால் மழை அவருக்குச் சாட்சியாகிவிடாது. அவரோ பேச்சுவாக்கில், நான் பேருந்து நிலையத்தில் இறங்கியபோது நல்ல மழை, சாயங்காலம் நாலு மணி இருக்கும் என்று முன்பே சொல்லியிருந்து, ஊரில் இல்லாத ஒருவர் அறிந்திருக்க வாய்ப்பில்லாத அந்த நேரம் பதிவோடு பொருந்தினால், அப்போது மழைகூடக் கொராபரேட் செய்யத் தொடங்குகிறது. தமிழில் ‘ஒத்துப்போகிறது’ என்ற ஒரே சொல்லால் இரண்டையும் சொல்லிவிடுவதால் நமக்கு இந்த இடத்தில் கால் இடறுகிறது.

தனித்த ஊற்று என்ற நிபந்தனையை விட்டுவிட்டு இந்தச் சொல்லைப் பயன்படுத்தினால் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு வரலாற்றிலேயே ஒரு காட்சி இருக்கிறது. 2003 பிப்ரவரி 5 அன்று அமெரிக்க வெளியுறவு அமைச்சர் கோலின் பவல், ஐ.நா. பாதுகாப்பு அவையில், ஈராக் வாகனங்களில் நடமாடும் உயிரியல் ஆயுதக் கூடங்களை வைத்திருக்கிறது என்று வாதிட்டார். கண்ணால் பார்த்த ஈராக்கிய ரசாயனப் பொறியாளர் ஒருவரின் கூற்றை அதற்கு ஆதாரமாக வைத்து, அந்தக் கூற்று வேறு ஊற்றுகளால் ‘கொராபரேட்’ செய்யப்பட்டிருக்கிறது என்று இதே சொல்லைப் பயன்படுத்தி, இரண்டாவது, மூன்றாவது, நான்காவது என்று எண்ணிக் காட்டினார். முதல் ஆள் ‘கர்வ்பால்’ என்ற மறைபெயர் கொண்டவர். சொன்னது பொய் என்று 2011-இல் அவரே ஒப்புக்கொண்டார். நான்காவதாகச் சொல்லப்பட்ட ராணுவ மேஜரைப் பற்றி, இவர் கட்டுக்கதை சொல்பவர் என்ற எச்சரிக்கைக் குறிப்பை அமெரிக்க ராணுவ உளவுத்துறையே முந்தைய ஆண்டில் வெளியிட்டிருந்தது. எண்ணிக்கை நான்கு, மரம் முதலிலேயே உளுத்தது, ஏற்றிய வைரத்திலும் ஒன்றாவது போலி. அந்த உரையைப் படிக்கும் ஒருவருக்கு, கொராபரேட் என்ற ஒற்றைச் சொல்தான் அதன் அச்சாணியாக இருந்தது என்று தெரியும்.

இதற்கு நேர்மாறான ஒரு காட்சிக்கு நம் பக்கத்திலேயே இடம் இருக்கிறது. அசோகரின் இரண்டாம் பாறைக் கல்வெட்டு, தம் ஆட்சிக்கு வெளியே தெற்கில் இருந்தவர்களாகச் சோழர், பாண்டியர், சதியபுதர், கேரளபுதர் ஆகியோரைச் சொல்கிறது. சதியபுதர் யார் என்று நெடுங்காலம் தகராறு. அதியமான்களே அவர்கள் என்று சில அறிஞர்கள் ஊகித்திருந்தார்கள், ஊகமாகவே இருந்தது. 1981-இல் திருக்கோவிலூர்ப் பக்கத்து ஜம்பையில் ஒரு குகையில் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு கண்டுபிடிக்கப்பட்டது. ‘ஸதியபுதோ அதியந் நெடுமாந் அஞ்சி ஈத்த பளி’ என்று ஒரே வரி; அஞ்சி கொடுத்த பள்ளி, அதாவது துறவிகளின் இருப்பிடம், என்று பொருள். சதியபுதன் என்ற பட்டமும் அதியமான் நெடுமான் அஞ்சி என்ற பெயரும் அதில் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. இன்னொன்றையும் பாருங்கள். அதியமான் கோவலூரை அழித்தான் என்று புறநானூற்றின் 99-ஆம் பாட்டில் ஔவையார் சொல்கிறார். கோவலூர் என்பது திருக்கோவிலூர். கல்வெட்டு கிடைத்ததும் அந்த ஊர்ப் பக்கத்திலேயே. அசோகரின் எழுத்தர், சங்கப் புலவர், குகையில் உளி பிடித்தவர் ஆகிய மூவரும் ஒருவரையொருவர் கலந்துகொண்டு எழுதியிருக்க வழியே இல்லை. ஜம்பைக் கல்வெட்டின் காலம் எது என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. அந்த வேறுபாட்டால் இந்த வலு சற்றுக் கூடுமோ குறையுமோ தவிர, இல்லாமல் போகாது. வரலாற்றாய்வு நூல்களில் ‘இலக்கியச் சான்றைக் கல்வெட்டு கொராபரேட் செய்கிறது’ என்று வரும்போது குறிப்பது இத்தகைய சந்திப்பைத்தான்.

அறிவியல் தத்துவத்தில் இந்தச் சொல்லுக்குத் தனியான ஒரு வாழ்க்கை உண்டு. அறிவியல் தத்துவ அறிஞர் கார்ல் பாப்பர் ஜெர்மன் மொழியில் ‘பெவேருங்’ என்று எழுதியதை, இன்னொரு தத்துவ அறிஞரான கார்னப் ஆங்கிலத்தில் ‘கன்ஃபர்மேஷன்’ என்று ஆக்கினார். பாப்பருக்கு அது பிடிக்கவில்லை. கோட்பாடு உறுதியாகிவிட்டது என்ற நினைப்பை அந்தச் சொல் தருகிறது, நான் சொல்ல வந்தது கடுமையான சோதனைகளில் தோற்காமல் இதுவரை தாக்குப்பிடித்திருக்கிறது என்பது மட்டும்தான் என்று கருதி, ‘கொராபரேஷன்’ என்பதைத் தேர்ந்துகொண்டார். 1919 மே 29 சூரிய கிரகணத்தின்போது, சூரியனுக்கு அருகே வரும் விண்மீன் ஒளி வளையும் அளவைப் பிரேசிலின் சோப்ராலிலும் ஆப்பிரிக்கக் கரைக்கு அப்பாலுள்ள பிரின்சிப்பே தீவிலும் இரண்டு குழுக்கள் தனித்தனியே அளந்தன. ஐன்ஸ்டைனின் பொதுச் சார்பியல் கோட்பாட்டின் கணக்கு 1.75 விகலை (ஒரு பாகையின் 3600-இல் ஒரு பங்கு ஒரு விகலை), சோப்ராலில் 1.98-உம் பிரின்சிப்பேயில் 1.61-உம் கிடைத்தன. பாப்பரின் கண்ணில் அந்த அளவீடு கோட்பாட்டைக் கொராபரேட் செய்தது. நாளைக்கு வேறொரு சோதனையில் அது விழ வாய்ப்பு அப்போதும் திறந்தே இருந்தது.

இலக்கணத்தில் நம்மவர்கள் செய்யும் ஒரு பிழை இந்தச் சொல்லுக்கே உரியது. இது செயப்படுபொருள் குன்றா வினை. பின்னால் நேரே செயப்படுபொருள் வர வேண்டும். மருத்துவ அறிக்கை சாட்சியத்தைக் கொராபரேட் செய்கிறது என்பதுதான் வடிவம். நாமோ இடையில் ஒரு ‘வித்’தைச் செருகி, ‘கொராபரேட்ஸ் வித் ஹெர் ஸ்டேட்மென்ட்’ என்று எழுதுகிறோம். தமிழில் ‘அவள் வாக்குமூலத்தோடு ஒத்துப்போகிறது’ என்று நினைத்துவிட்டு எழுதுவதால் அந்த ‘ஓடு’ ஆங்கிலத்துக்குள் ‘வித்’ ஆகக் குதித்துவிடுகிறது. இந்தியத் தீர்ப்புகளிலும் இந்த ‘வித்’ ஏராளமாகக் கிடைக்கும். தவறு என்று சண்டைபோட நான் வரவில்லை, ஆனால் நீங்கள் எழுதும்போது விட்டுவிடுங்கள். செயப்பாட்டு வினையாக எழுதினால் ‘பை’ வரும், அதில் சிக்கலில்லை. கூடிப் பணியாற்றுவதைக் குறிக்கும் ‘கொலாபரேட்’ ஒலியில் பக்கத்தில் இருப்பதால் அதன் ‘வித்’தும் இங்கே ஒட்டிக்கொண்டிருக்கலாம். சாட்சிகள் கொலாபரேட் செய்தால் கொராபரேஷனே போய்விடும் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். எல்லாரும் கிளிப்பிள்ளைபோல் ஒரே வாக்கியத்தை ஒப்பித்தால், சொல்லிக்கொடுத்த சாட்சியோ என்று நீதிபதிக்கு ஐயம் வரும். பால்காரர் கைலி நீலம் என்று சொல்லியிருந்தால்கூட, மங்கிய வெளிச்சத்தில் அது இயல்பே என்று நினைத்து அவரை இன்னும் சற்று நம்பவே தோன்றும்.

எழுத்துப்பிழை இன்னும் வேடிக்கை. எங்களிடம் பயிற்சிக்கு வந்த ஓர் இளைஞர், ‘கொராபரேட்டிவ் எவிடென்ஸ்’ என்பதைக் ‘கார்ப்பரேட்’ என்று படித்துவிட்டு, ‘நிறுவனச் சாட்சியம் எதுவும் இல்லை’ என்று தட்டச்சு செய்து கொடுத்தார். வழக்கோ வரப்புத் தகராறு. கையெழுத்துக்கு வைக்கும் முன் யாரோ பார்த்ததால் தப்பித்தோம்.

தமிழில் எப்படிச் சொல்வது? வினையாக வந்தால் ‘வலுச்சேர்க்கிறது’ என்பதையே நான் பெரும்பாலும் போடுகிறேன். ஓக் மரத்தின் பழைய பொருளுக்கும் அது நெருக்கம். தனித்த ஊற்று என்பது முக்கியமாக வரும் இடத்தில் ‘வேறு சான்றால் வலுப்பெறுகிறது’ என்று ஒரு சொல்லைக் கூட்டிக்கொள்கிறேன். ‘துணைச்சான்று’ என்று பெயர்ச்சொல்லாக்கினால் கேட்க நன்றாக இருக்கும். ஆனால் மூல ஆவணம் இல்லாதபோது வைக்கப்படும் நகலுக்கான இரண்டாம்நிலைச் சான்றோடு சிலர் அதைக் குழப்பிக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். ஆகவே அந்த இடத்தில் ‘வலுச்சேர்க்கும் சான்று’ என்று நீட்டி எழுதுவதில் எனக்குக் கூச்சமில்லை. ஊர்ப்பேச்சில் ‘ரெண்டு பக்கமும் ஒரே சேதிதான் வருது’ என்பார்கள். அந்த ‘ரெண்டு பக்கமும்’ என்பதில் ஊற்று இரண்டு என்ற நிபந்தனை தானாகவே வந்துவிடுகிறது.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். ‘அன்கொராபரேட்டட்’ என்பதை ‘உறுதிப்படுத்தப்படாத’ என்று மொழிபெயர்த்தவுடன், செய்தித்தாள்களில் வரும் ‘உறுதிப்படுத்தப்படாத தகவல்’ நினைவுக்கு வந்து, வதந்தி, பொய் என்ற நிழல் அந்தப் பெண்ணின் மேல் விழுந்துவிடுகிறது. உங்களுக்கு ஐயம் வந்ததற்குக் காரணம் அதுவாகத்தான் இருக்கும். ஆங்கிலச் சொல்லில் அந்த நிழல் இல்லை. வேறு எந்தச் சான்றும் வந்து அதற்குத் துணை நிற்கவில்லை, அது தனித்து நிற்கிறது என்பது மட்டுமே அதன் பொருள். நான் மொழிபெயர்த்தால் ‘அரசுத் தரப்பு முதல் சாட்சியின் சாட்சியம் தனித்து நிற்கிறது’ என்றுதான் எழுதுவேன். தனித்து நிற்பதை நீதிபதி நம்பினாரா என்பது அந்தச் சொல்லில் இல்லை. அவரை வடிவேலு தேவர் வழக்கு சொன்ன மூன்று வகையில் எதில் சேர்த்தார் என்பதில் இருக்கிறது. அதை அறிய அந்தப் பத்தியோடு நின்றுவிடாமல் அடுத்த பத்தியையும் படித்துப் பாருங்கள்.